ஒரு பாட்டு, ஒரு போலீஸ் தொடர்: பின்நவீனத்துவத்தைப் படிக்க ஓர் எளிய வழி

பிரிட்டனில் பள்ளிப் படிப்பின் கடைசி இரண்டு ஆண்டுகளில், ஏ-லெவலில், ஊடகவியலையும் ஒரு பாடமாக எடுத்துப் படிக்கலாம். அதில் ஒரு காலத்தில் இருந்த தேர்வு முறை எனக்கு மிகவும் பிடிக்கும். தொலைக்காட்சி நாடகம் ஒன்றிலிருந்து சுமார் ஐந்து நிமிடக் காட்சியை எடுத்து, தேர்வறையில் நான்கு முறை போட்டுக் காட்டுவார்கள். முதல் முறை பேனாவைத் தொடக் கூடாது, பார்க்க மட்டும்தான் வேண்டும். அப்புறம் குறிப்பு எடுக்கலாம். கதை என்ன என்று யாரும் கேட்க மாட்டார்கள். இந்தக் காட்சி ஒரு பெண்ணையோ முதியவரையோ தொழிலாளியையோ எப்படிப்பட்டவராகக் காட்டுகிறது, என்னென்ன வழிகளில் அப்படிக் காட்டுகிறது என்றுதான் கேட்பார்கள். அடுத்த ஆண்டுத் தேர்வில் 'பின்நவீன ஊடகங்கள்' என்று ஒரு தலைப்பு. பாப் இசை அங்கே வந்துவிடும்.

நாடகத்தை ஒரு பக்கமும் பாப் இசையை இன்னொரு பக்கமும் தனித்தனியாகப் படிப்பதால்தான் பின்நவீனத்துவம் என்ற கலை, சிந்தனைப் போக்கு என்றாலே பலருக்கும் தலை சுற்றுகிறது என்பது என் எண்ணம். இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கும் ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். அப்படி ஒன்று இருக்கிறது: 'லைஃப் ஆன் மார்ஸ்'. 2006 ஜனவரி முதல் 2007 ஏப்ரல் வரை பிபிசி ஒன்னில் 16 எபிசோடுகளாக வந்த போலீஸ் தொடர். பெயர், பிரிட்டிஷ் ராக் பாடகர் டேவிட் போவியின் 1971-ஆம் ஆண்டுப் பாட்டிலிருந்து எடுத்தது. தொடரின் முடிவைச் சொல்லாமல் இந்த விளக்கத்தை எழுத முடியாது. இன்னும் பார்க்காதவர்கள் அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

காட்சியைப் பிரித்துப் பார்ப்பது

முதல் எபிசோடு 2006-இல் தொடங்குகிறது. மான்செஸ்டர் போலீஸ் அதிகாரி சாம் டைலர். அவருடைய காதலியும் போலீஸ்தான். காதலியை யாரோ கடத்திவிடுகிறார்கள். மனம் உடைந்த சாம் ஒரு மேம்பாலத்துக்கு அடியில் ஜீப்பை நிறுத்திவிட்டு இறங்குகிறார். வண்டிக்குள் ஐபாடில் போவியின் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. வேகமாக வந்த ஒரு கார் அவரை அடித்துத் தூக்கி எறிகிறது. கண் விழிக்கும்போது இடிபாடுகள் நிறைந்த ஒரு காலி மனையில் கிடக்கிறார். உடம்பில் அகலக் காலர் சட்டை, தோல் ஜாக்கெட், பெல்பாட்டம். பக்கத்தில் ஒரு பழைய ரோவர் கார், அதன் எட்டு-டிராக் டேப்பில் அதே பாட்டு. ஆண்டு 1973.

இந்தக் காட்சியைப் படிக்க ஊடகவியல் வகுப்பு நான்கு கருவிகளைத் தருகிறது. கேமரா, எடிட்டிங், ஒலி ஆகியவை முதல் மூன்று. நான்காவது, சட்டகத்துக்குள் வைக்கப்பட்டிருக்கும் எல்லாமும்: உடை, இடம், வெளிச்சம், நிறம், நடிகர் நிற்கும் விதம். இதை மிஸான்ஸென் என்று பிரெஞ்சுப் பெயரிலேயே சொல்வார்கள், நாம் காட்சியமைப்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

புதிதாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் உடையில்தான் தொடங்குவார்கள், கண்ணில் முதலில் படுவது அது என்பதால். நான் ஒலியில் தொடங்கச் சொல்வேன். திரையில் கேட்கும் ஒலியில் இரண்டு வகை உண்டு. பாத்திரங்களுக்கும் கேட்கும் ஒலி ஒன்று, பார்வையாளருக்கு மட்டும் கேட்கும் பின்னணி இசை இன்னொன்று. ஐபாடில் ஓடும் பாட்டு சாமுக்கும் கேட்கிறது. மோதலுக்கும் விழிப்புக்கும் இடையில் அந்தப் பாட்டு யாருடைய காதுக்கு என்று சொல்ல முடியாத இடத்துக்குப் போய்விடுகிறது. அடுத்து 1973-இன் கார் டேப்புக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. காட்சி 33 ஆண்டுகளைத் தாண்டிவிட்டது, பாட்டு அறுபடவில்லை. எடிட்டிங் வெட்டிய இடத்தை ஒலி தைத்துவிடுகிறது. இரண்டு காலத்திலும் மாறாமல் இருக்கும் ஒரே பொருள் இந்தப் பாட்டுதான். அப்படியானால் இந்த 1973 ஒரு மனிதரின் தலைக்குள் மட்டும் இருக்கிறதா? இந்தச் சந்தேகம் வசனம் எதுவும் இல்லாமலே நமக்குள் விழுந்துவிடுகிறது.

இனி நிறத்துக்கு வருவோம். 2006 என்றால் கண்ணாடி, எஃகு, நீலம் கலந்த சாம்பல். 1973 என்றால் பழுப்பு, கடுகு மஞ்சள், சிகரெட் புகை. 1973-இல் வாழ்ந்தவர்களுக்கு வானம் பழுப்பாகத் தெரிந்திருக்காது. பழுப்பாக இருப்பவை அந்தக் கால ஃபிலிமும், சாயம் போன புகைப்படங்களும்தான். ஆகவே அந்த நிறம் 'இது பழைய காலம்' என்பதைவிட 'இது பழைய படம்' என்று சொல்வதாகவே எனக்குப் படுகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தேர்வில் கேட்கும் சித்தரிப்புக் கேள்விக்கும் இங்கே நல்ல தீனி இருக்கிறது. ஆனி கார்ட்ரைட் உளவியல் படித்த பெண் காவலர். ஆண்கள் நிறைந்த துப்பறியும் பிரிவு அறையில் சாம் அவரிடம் கொலையாளியின் மனநிலை பற்றிக் கருத்துக் கேட்கிறார், சுற்றியிருப்பவர்கள் கேலி செய்கிறார்கள். கேலியைச் சொல்லும் வசனத்தை மட்டும் எழுதினால் அரை மதிப்பெண்தான். கேமரா யாருடைய முகத்தில் நிற்கிறது, யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யாரை நிற்க வைத்திருக்கிறார்கள், சிரிப்புச் சத்தத்துக்கு அப்புறம் எடிட்டிங் யாரிடம் திரும்புகிறது என்று பார்க்க வேண்டும். அந்த அறையின் அதிகாரம் யாரிடம் என்பதும், நாம் யார் பக்கம் நிற்க வேண்டும் என்று தொடர் விரும்புகிறது என்பதும் அங்கேதான் தெரியும்.

பழகிப் பார்க்க விரும்பினால் நீங்கள் வழக்கமாகப் பார்க்கும் எந்த சீரியலிலும் ஐந்து நிமிடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரு முறை சத்தத்தை முழுக்க நிறுத்திவிட்டுப் பாருங்கள். அடுத்த முறை கண்ணை மூடிக்கொண்டு கேட்க மட்டும் செய்யுங்கள். எந்த உணர்ச்சி எந்தக் கருவியால் வந்தது என்பது தானாகவே பிரிந்துவிடும்.

அந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது

1967-இல் பிரான்சில் குளோத் ஃபிரான்சுவா பாடிய ஒரு பாட்டு பிரபலமானது. அதற்கு ஆங்கில வரிகள் எழுதும் வேலை 1968-இல், அவ்வளவாகப் பெயர் தெரியாத இளைஞராக இருந்த போவிக்கு வந்தது. எழுதிக் கொடுத்தார், எடுபடவில்லை. அதே மெட்டின் உரிமையைப் பாடகர் பால் ஆங்கா வாங்கி வேறு வரிகள் எழுதினார். அமெரிக்கப் பாடகர் ஃபிராங்க் சினாட்ரா பாடி 1969-இல் வெளிவந்த 'மை வே' அதுதான். உலகமே அதை முணுமுணுத்தது. கைநழுவிய அந்த மெட்டுக்குப் பதில் சொல்வதுபோல, சினாட்ரா பாட்டின் சாயலை வைத்துக்கொண்டு போவி எழுதியதுதான் 'லைஃப் ஆன் மார்ஸ்?'. 'ஹங்கி டோரி' ஆல்பத்தின் உறையில், ஃபிராங்கியால் (சினாட்ராவால்) தூண்டப்பட்டு எழுதியது என்று குறிப்பும் போட்டார். இந்தப் பாட்டு தனி சிங்கிளாக வெளிவந்தது 1973 ஜூனில். தொடரின் ஆண்டும் அதுதான்.

பாட்டின் கதையைக் கவனியுங்கள். வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு ஒரு பெண் சினிமாவுக்குப் போகிறாள். படம் அவளுக்கு அலுப்பூட்டுகிறது, அதையெல்லாம் அவள் ஏற்கெனவே பலமுறை வாழ்ந்து முடித்திருக்கிறாள். திரையில் ஓடுவது எது, அவள் வாழ்க்கை எது என்று பிரிக்க முடிவதில்லை. பாட்டு முடிந்த பிறகு ஸ்டுடியோவில் ஒரு டெலிபோன் மணி அடிப்பது கேட்கும். பதிவின்போது தற்செயலாகப் புகுந்த சத்தம், அப்படியே விட்டுவிட்டார்கள். ஒரு பாட்டு தன்னை 'இது ஒரு இடத்தில் பதிவு செய்யப்பட்ட பொருள்' என்று காட்டிக்கொள்வது அன்றைக்குப் பெரிய விஷயம்.

ராக் இசை உலகம் அப்போது ஒரு நம்பிக்கையில் நின்றது: பாடகர் தன் உள்ளத்தைத் திறந்து உண்மையைப் பாடுகிறார். போவி அதை நேரடியாகவே உடைத்தார். 1972-இல் ஸிகி ஸ்டார்டஸ்ட் என்ற கற்பனையான ராக் நட்சத்திரமாகவே மேடையேறினார். 1973 ஜூலை 3 அன்று லண்டனில், இதுதான் கடைசி நிகழ்ச்சி என்று அறிவித்தபோது, போவியே இசையை விட்டுவிட்டார் என்று ரசிகர்கள் பதறினார்கள். ஓய்வு பெற்றது அந்த வேடம் மட்டும்தான். வேடத்துக்கும் ஆளுக்கும் இடையில் இருந்த கோட்டை அவர் அழித்துவிட்டிருந்தார். பின்நவீன பாப் இசை என்று பிற்காலத்தில் பேசப்பட்ட பலவற்றின் விதை இங்கே கிடக்கிறது. மடோனா 1985-இன் 'மெட்டீரியல் கேர்ள்' வீடியோவில் மர்லின் மன்றோவின் 1953-ஆம் ஆண்டுப் படக் காட்சியை இளஞ்சிவப்பு உடையோடு மறுபடி செய்து காட்டியதும், 1998-இல் தொடங்கிய கொரில்லாஸ் இசைக்குழுவின் உறுப்பினர்கள் நால்வரும் கார்ட்டூன் பாத்திரங்களாகவே இருப்பதும் இதே வழியில் வந்தவை.

சரி, பின்நவீனத்துவம் என்றால்?

மூன்று பேரிடமிருந்து மூன்று கருத்துகள் போதும், தொடக்கத்துக்கு.

பிரெஞ்சுத் தத்துவவாதி லியோதார் 1979-இல் சொன்னது: பெருங்கதையாடல்கள் மீதான அவநம்பிக்கை. அறிவியலால் உலகம் நாளுக்கு நாள் முன்னேறுகிறது என்பதுபோன்ற, எல்லாவற்றையும் ஒரே கதையில் விளக்கிவிடும் பெரிய கதைகளை நம்ப முடியாமல் போவது. சாம் 2006-இன் ஆள். தடயவியல், பதிவு செய்யப்பட்ட விசாரணை, சட்ட விதிகள் எல்லாம் அவருடைய முன்னேற்றக் கதை. 1973-இன் தலைமை அதிகாரி ஜீன் ஹண்டுக்கோ முஷ்டியும் உள்ளுணர்வும் போதும். சாமின் வழியே சரி என்று தொடர் பலமுறை நிரூபிக்கிறது. ஆனால் கடைசியில் சாம் 2006-க்குத் திரும்பியதும் அலுவலகக் கூட்டம் ஒன்றில் கையில் காயம்பட்டு ரத்தம் வருகிறது, அவருக்கு வலிக்கவே இல்லை. மொட்டை மாடிக்குப் போய்க் குதிக்கிறார். அதே போவி பாட்டு ஒலிக்கிறது. 1973-இல் விழிக்கிறார். முன்னேற்றத்தின் பெரிய கதை அவரைக் கட்டிப்போட முடியவில்லை.

அமெரிக்க விமர்சகர் ஃபிரெடெரிக் ஜேம்சன் 1984-இல் எழுதிய கட்டுரையில் பகடியையும் பாஸ்டிஷையும் பிரித்தார். பகடி ஒரு பாணியைப் போலச் செய்து அதைக் குத்திக் காட்டும். பாஸ்டிஷ் போலச் செய்வதோடு சரி, குத்தல் இருக்காது. நம் காலம் பாஸ்டிஷில் மூழ்கிவிட்டது, உண்மையான வரலாற்றுக்குப் பதில் பழைய பாணிகளைப் போட்டுக்கொண்டு திருப்தியடைகிறது என்பது அவர் வருத்தம். எனக்கு இந்த வருத்தம் நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் ஒவ்வொரு படைப்பையும் இதை வைத்துத் தனியாகச் சோதிக்க வேண்டும். இந்தத் தொடரின் முதல் பருவ முடிவில் சாம் தன் அப்பாவைச் சந்திக்கிறார், சாமின் சிறுவயதில் வீட்டை விட்டுப் போனவர். குழந்தைப் பருவத்தின் நாயகனான அவர் உண்மையில் ஒரு குற்றவாளி என்று தெரிகிறது. பழையதை நினைத்து உருகுவதோடு நின்றிருந்தால் இந்த எபிசோடு எழுதப்பட்டிருக்காது. அதே நேரம், ஜீன் ஹண்ட் பெண்களைப் பற்றிப் பேசும் மட்டமான பேச்சுக்குச் சிரிக்கும்போது அவரைப் பார்த்துச் சிரிக்கிறோமா, அவரோடு சேர்ந்து சிரிக்கிறோமா என்பதைத் தொடர் வேண்டுமென்றே தெளிவாக்காமல் விடுகிறது. அதை நான் அவ்வளவு எளிதில் மன்னிக்க மாட்டேன்.

மூன்றாமவர் பிரெஞ்சுச் சிந்தனையாளர் ழான் போத்ரியார். அசல் இல்லாத நகல்களின் காலம் இது என்றவர். முன்னே சொன்ன பழுப்பு நிறத்தை இங்கே கொண்டுவாருங்கள். தொடரின் 1973 எதன் நகல்? 1975 முதல் 1978 வரை ஐடிவியில் ஓடிய 'த ஸ்வீனி' போன்ற போலீஸ் தொடர்களின் நகல். கார் துரத்தல், அட்டைப் பெட்டிகள் மேல் ஏறும் வண்டி, விசாரணை அறையில் அடி எல்லாம் தொலைக்காட்சியிலிருந்து வந்தவை. சாம் கண் விழிக்கும் இடத்தில் ஒரு பெரிய விளம்பரப் பலகை, மான்குனியன் வே என்ற மேம்பாலச் சாலை விரைவில் வரப்போகிறது என்று அறிவிக்கிறது. உண்மையில் அந்தச் சாலை 1967-இலேயே திறக்கப்பட்டுவிட்டது. தவறு என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் இது சாமின் தலைக்குள் இருக்கும் 1973 என்றால், தவறாக இருப்பதுதான் சரி.

இன்னும் போகிறது. நிகழ்ச்சிகள் இல்லாத நேரத்தில் பிபிசி திரையில் காட்டி வந்த அசையாப் படமான சோதனை அட்டையில் ஒரு சிறுமியும் கோமாளிப் பொம்மையும் இருப்பார்கள். அந்தச் சிறுமி டிவியிலிருந்து இறங்கி வந்து சாமிடம் பேசுகிறாள். இரண்டாம் பருவத்தில் ஃபிராங்க் மார்கன் என்று ஒருவர் வருகிறார். 1939-இன் 'த விசார்ட் ஆஃப் ஆஸ்' படத்தில் மந்திரவாதியாக நடித்தவரின் பெயர் அது. கடைசி எபிசோடின் கடைசி ஷாட்டில் அந்தச் சிறுமி நம்மை நோக்கிக் கையை நீட்டி, நம் டிவியையே அணைக்கிறாள்.

இப்படி ஒரு படைப்பு இன்னொன்றைத் தொட்டுக்கொண்டு நிற்பதை ஊடிழைப்பிரதித்தன்மை என்பார்கள். இங்கேதான் பலரும் தடம் மாறுகிறார்கள். இது அந்தப் படம், அது இந்தப் பாட்டு என்று கண்டுபிடித்துப் பட்டியல் போட்டதும் ஆய்வு முடிந்துவிட்டதாக நினைக்கிறார்கள். கண்டுபிடித்த பிறகுதான் வேலையே தொடங்குகிறது. கடன் வாங்கிய பொருள் புதிய இடத்தில் என்ன செய்கிறது, யாருக்காகச் செய்கிறது?

தொடரை வேறு நாடுகள் மறுபடி எடுத்தபோது இது நன்றாகத் தெரிந்தது. 2009-இல் வந்த ஸ்பெயின் வடிவத்துக்குப் போவியின் தலைப்பு உதவவில்லை. நாச்சா பாப் என்ற ஸ்பானியக் குழுவின் 1980-ஆம் ஆண்டுப் பாட்டின் பெயரை வைத்து, கதையை 1977-இல் நிறுத்தினார்கள். சர்வாதிகாரி பிராங்கோ இறந்து இரண்டு ஆண்டு, ஜனநாயகத் தேர்தல் நடந்த ஆண்டு. 2018-இன் கொரிய வடிவம் சோல் ஒலிம்பிக் நடந்த 1988-க்குப் போனது. எந்த ஆண்டுக்குத் திரும்ப வேண்டும், எந்தப் பாட்டைக் கேட்டால் அது திரும்பி வரும் என்பது ஊருக்கு ஊர் வேறு. இவையெல்லாம் வெறும் பாணி விளையாட்டு என்று ஒதுக்குபவர்கள் இந்த வரலாற்றைத் தவறவிடுகிறார்கள்.

யார் எப்படிப் படிக்கிறார்கள்

1973-இல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால் ஒரு ஆய்வுரை எழுதினார். தொலைக்காட்சி ஒரு பொருளைக் குறியிட்டு அனுப்புகிறது, பார்வையாளர் அதைத் தன் வாழ்க்கையிலிருந்து அவிழ்த்துப் படிக்கிறார், இரண்டும் பொருந்தியே ஆக வேண்டும் என்பதில்லை என்றார். அனுப்பியவர் விரும்பியபடியே படிக்கலாம், பாதி ஏற்றுப் பாதி மறுக்கலாம், முழுக்க எதிராகவும் படிக்கலாம். ஊடகவியலில் எனக்கு மிகவும் பயன்படும் கருத்து எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

இதற்கான சோதனை தொடரின் அடுத்த பாகத்தைச் சுற்றித் தானாகவே நடந்தது. 2008-இல் 'ஆஷஸ் டு ஆஷஸ்' வந்தது. இந்தப் பெயரும் போவியின் பாட்டுதான், 1980-இல் வந்தது. தன் 1969-ஆம் ஆண்டுப் பாட்டில் விண்வெளியில் விட்டுவந்த மேஜர் டாம் என்ற பாத்திரத்தை அதில் அவரே திரும்ப அழைத்தார். அந்தப் பாட்டின் வீடியோவில் போவி கோமாளி உடையில் வருவார். தொடரில் அதே கோமாளி, 1981-இல் விழித்தெழும் அலெக்ஸ் டிரேக் என்ற போலீஸ் அதிகாரியைப் பேயாகத் துரத்துகிறான். பாப் வீடியோவின் ஒரு பிம்பம் நாடகத்தின் பாத்திரமாகிவிட்டது. ஜீன் ஹண்ட் இங்கேயும் உண்டு, இப்போது சிவப்பு ஆடி குவாட்ரோ காரோடு.

2010 ஏப்ரல், பிரிட்டனில் பொதுத் தேர்தல் நேரம். தொழிற்கட்சி ஒரு போஸ்டர் வெளியிட்டது. எதிர்க்கட்சியான கன்சர்வேட்டிவ் கட்சியின் தலைவர் டேவிட் கேமரூன், ஜீன் ஹண்ட் தோரணையில் அந்தக் குவாட்ரோ மேல் சாய்ந்திருக்கிறார். பிரிட்டனை இவர் மறுபடி 1980-களுக்குக் கொண்டுபோக விடாதீர்கள் என்பது வாசகம். வேலையில்லாத் திண்டாட்டம், மூடிய சுரங்கங்கள், அன்றைய கன்சர்வேட்டிவ் பிரதமர் தாட்சர் என்று அந்தப் பத்தாண்டை நினைவூட்டுவதுதான் நோக்கம். கன்சர்வேட்டிவ் கட்சி உடனே அதே படத்தை எடுத்து, ஜீன் ஹண்டின் புகழ்பெற்ற வசனத்தை ஒட்டி, குவாட்ரோவைக் கிளப்புங்கள், மாற்றத்துக்கான நேரம் இது என்று தன் பெயரில் போட்டுவிட்டது. ஒரே படம், ஒரே கார், ஒரே ஆள். ஒரு கட்சிக்கு மிரட்டல், இன்னொரு கட்சிக்குப் பெருமை. தொழிற்கட்சி நினைத்தது 1980-களின் வரலாற்றை. பார்த்தவர்களில் பலருக்கு நினைவுக்கு வந்தது ஒரு டிவி தொடர், அதிலும் தாங்கள் விரும்பிய ஒரு பாத்திரம். ஜேம்சனின் வருத்தமும் ஹாலின் கருத்தும் அந்த ஒரே போஸ்டரில் சந்தித்துக்கொண்டன.

மே 11 அன்று கேமரூன் பிரதமரானார். மே 21 அன்று 'ஆஷஸ் டு ஆஷஸ்' கடைசி எபிசோடு ஒளிபரப்பானது. ஜீன் ஹண்ட் என்று நாம் பார்த்து வந்த ஆள் அப்படி எப்போதும் இருந்ததே இல்லை என்று அதில் தெரிந்தது. 1953-இல், ராணியின் முடிசூட்டு நாளில், வேலையில் சேர்ந்த புதிதிலேயே கொல்லப்பட்ட 19 வயதுக் காவலர் ஒருவர், சினிமாவில் பார்த்த ஷெரிஃபுகளை வைத்துத் தனக்காக உண்டாக்கிக்கொண்ட வேடம் அது. இரண்டு கட்சிகளும் தேர்தல் மும்முரத்தில் சண்டை போட்டது அந்த வேடத்துக்காகத்தான்.